மேற்குத் தெருவின் சாவு விலக்கு

2069ஆம் ஆண்டு செப்டம்பர் இரண்டாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, சென்னிப்பாளையம் பிள்ளையார்கோயில் மேற்குத் தெரு, பதினோராம் எண் வீட்டில், எண்பத்து நான்கு வயதான சுகன்யா காலமானார். ஏழே முக்கால் மணிக்கு, விதியின்படி, அத்தெருவின் நான்கு ஒலியடக்கிக் கம்பங்களும் நிறுத்தப்பட்டன. நிறுத்தியவள் கம்பப் பராமரிப்பாளர் கனிஷ்கா; வயது முப்பத்தைந்து. அவளுடைய ஏழு வயது மகள் மிளிர் அந்நேரம் ஒன்றாம் எண் வீட்டில், கட்டிலுக்கு அடியில், காதுறை அணிந்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவில் படுத்திருந்தாள். அங்கே அவளைப் படுக்கவைத்தவளும் கனிஷ்காதான். இன்னும் சிறிது நேரத்தில் தெருவில் மேளம் அடிக்கப்போகிறார்கள். குழந்தை அதைத் தாங்கமாட்டாள் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கு எப்படித் தவறிப்போனது என்பதைச் சொல்ல, எட்டு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

சென்னிப்பாளையம் காவிரிக் கரையில் உள்ள தறி ஊர். விசைத்தறிகள் ஓடிய காலத்தில் அங்கே சுவரில் மாட்டிய படம் நேராக நின்றதில்லை. தறிச் சத்தம் போதாதென்று, அதன்மேல் ஏறி உட்காரும் சத்தங்கள் வேறு. பின்னால் நகரும்போது பாட்டுப் பாடும் கார்கள், குப்பை வண்டியின் ஒலிபெருக்கி, கல்யாண மண்டபத்தின் கச்சேரி, பழைய இரும்பு வாங்குகிறவரின் பதிவுசெய்த குரல், காலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் ஓடும் முப்பது மிக்சிகள். கனிஷ்கா அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள். எந்த வீட்டுக் குக்கர் எத்தனை விசிலுக்கு நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். நான்காம் விசில் வராவிட்டால் அவள் அம்மா வாசலுக்கு வந்து, “காஸ் தீர்ந்துபோச்சாட்ட இருக்குது” என்று எதிர்வீட்டைப் பார்த்துச் சொல்வாள். கடன் சிலிண்டர் ஒன்று தெருவைக் கடக்கும்.

2061இல் கம்பங்கள் வந்தன. தெருவுக்கு நான்கு. கம்பம் தன்னிடம் வரும் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை அந்தக் கணமே வெளியே விடும். இரண்டும் மோதிச் சமமாகிவிடும். இரண்டு கை நீளத்துக்குள் நின்று பேசினால் பேச்சுக் கேட்கும். அதற்கு அப்பால் ஒன்றும் கேட்காது. வீட்டுக்குள் எழும் சத்தம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடும். தறிப்பட்டறையில் பாதிக் காதைத் தொலைத்திருந்த ஊர் அதை வரவேற்றது. மேற்குத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் எட்டாம் எண் வீட்டு தினேஷ். முப்பத்தொரு வருடம் தறி ஓட்டியவர். அவர் இரண்டு காதுகளிலும் ஓயாத இரைச்சல் உண்டு என்பதைத் தெரு அறியும்.

ஊர் மூன்றே மாதத்தில் பழகிக்கொண்டது. ஒன்றே ஒன்றைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. முதல் வருடம், வடக்குத் தெருவில் ஒருவர் இறந்தார். பறையடித்தார்கள், தோலில் கோல் விழுந்தது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தார்கள், அதுவும் வரவில்லை. கூட்டம் பாடையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் நகர்மன்ற வாசலில் இறக்கிவைத்தது. அன்று பொழுது சாயும் முன் விதி திருத்தப்பட்டது: தெருவில் பதிவுபெற்ற ஒவ்வொருவர் பெயரிலும் சாவு விலக்காகப் பன்னிரண்டு மணி நேரம் உண்டு, அந்த நேரத்துக்குக் கம்பங்கள் நிற்கும். அதற்கு வெளியே எந்நேரமும் நிற்கா. வண்டிகளின் சத்தம் கேட்டாக வேண்டிய பேருந்து நிலையத்தில் மட்டும் கம்பம் நடப்படவில்லை.

மிளிர் அடுத்த ஆண்டு பிறந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஓயாமல் அழுதாள், வயிற்றுவலி என்றார்கள். மூன்றாம் வயதில், புதுச் சட்டையைப் போட்டால் தீப்பட்டதுபோல் கத்தினாள். கழுத்துப்பட்டியில் இருந்த துணித்துண்டை வெட்டியதும் கத்தல் நின்றது. அன்றுமுதல் கனிஷ்கா அவளுக்கு எல்லா உடைகளையும் உள்புறம் வெளியே தெரியும்படித்தான் போட்டாள். தையல் தோலில் படக் கூடாது. தோசை மொறுமொறுவென்று இருந்தால் தின்பாள். இட்லியைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள். மின்விசிறிக் காற்று முகத்தில் படக் கூடாது. சீப்பு தலையில் படவே கூடாது. ஆகவே இரண்டு வருடமாக, தூங்கும்போது கத்தரியால் வெட்டிவிட்ட முடி. புலன்கள் கொண்டுவரும் செய்திகளை வரிசைப்படுத்துவதில் அவளுக்குச் சிரமம் இருக்கிறது என்று சிகிச்சையாளர் வர்ஷிகா விளக்கினாள். கனமான போர்வை, பாயில் வைத்துச் சுருட்டி மேலே அழுத்துதல், பொரி மூட்டையை முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிவருதல் என்று பல பயிற்சிகள் தந்தாள். சில பலித்தன. ஆனாலும் ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை, மிளிர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, சுவரில் முதுகை இடித்துக்கொண்டு அலறினாள். கனிஷ்கா ஒவ்வொரு முறையையும் நேரம் குறித்து நோட்டில் எழுதினாள். கணவன் ஹரிஷ் தூத்துக்குடிக் கடலில் காற்றாலை வேலையில் இருந்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, அந்த நோட்டை வாசித்துவிட்டுத் திரும்பிப்போவான்.

குழந்தை காதைப் பொத்துகிறாள் என்றால் சத்தம் அவளுக்கு ஆகவில்லை என்றுதானே பொருள்? அப்படித்தான் கனிஷ்கா எண்ணினாள். பராமரிப்பாளருக்கென்று நான்கு ஆண்டு முன் தரப்பட்ட ஒன்றாம் எண் வீட்டின் சுவரை ஒட்டியே முதல் கம்பம் நின்றது. தெரு முழுக்கக் கம்பங்கள் மூன்றாம் அளவில் ஓட, அந்த ஒரு கம்பத்தை மட்டும் யாரிடமும் கேட்காமல் ஐந்துக்கு ஏற்றினாள். அலறல் கூடியது. ஏழுக்கு ஏற்றினாள். பிறகு அதன் கடைசி அளவான ஒன்பதுக்கு.

சுகன்யாவின் சாவன்று பதினோரு மணிக்கு மேளம் உச்சத்தில் இருந்தது. வெடி வெடித்தது. பேரன்கள் ஆடினார்கள். வேலைக்கு நடுவே குழந்தையைப் பார்க்க ஓடிவந்த கனிஷ்கா, கட்டிலுக்கு அடியில் காதுறை மட்டும் கிடப்பதைக் கண்டாள். மிளிர் வாசற்படியில் உட்கார்ந்து, தட்டில் இருந்த முறுக்கை ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

“யாரு கண்ணு முறுக்குக் குடுத்தா?”

“தினேசுத் தாத்தா.”

“சத்தம் உனக்கு வலிக்கலியா?”

மிளிர் கேள்வி புரியாதவள்போல் பார்த்தாள். பிறகு, “அம்மா, தலைல பூச்சி ஊருது. சீவி உடு” என்றாள்.

கனிஷ்கா உள்ளே போய்ச் சீப்பைத் தேடினாள். அது எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. மேளச் சத்தத்தில் வாசல் நிலை அதிர்ந்துகொண்டிருந்தது; அவள் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சீப்பை வைத்தாள். மிளிர் கழுத்தைக் கூடச் சுளிக்கவில்லை. கோணல்மாணலாக வெட்டிய முடியில் வகிடு எடுக்க வழியில்லை. ஆனாலும் கனிஷ்கா எடுத்தாள், கலைத்தாள், மறுபடி எடுத்தாள். மேளம் ஓய்ந்த இடைவெளியில், எங்கோ ஒரு குக்கர் விசிலடித்தது. யாரோ யாரையோ திட்டினார்கள். ஏழாம் எண் வீட்டு இரும்புக் கதவு கிறீச்சிட்டது. இழவுக்கு வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, எல்லோரும் அந்தக் கதவையே பார்த்தார்கள். அந்தச் சத்தத்தை அவர்கள் கடைசியாகக் கேட்டது போன சாவன்று.

நான்கு மணிக்குக் காரியம் முடிந்து, கம்பங்கள் ஓடத் தொடங்கின. நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு மிளிர் அலறினாள்.

மகளுக்கு மேளம் பிடித்திருக்கிறது என்று கனிஷ்கா முடிவுகட்டினாள். மறுநாள் மேளத்தைப் பதிவிலிருந்து போட்டுக் காட்டினாள். மெதுவாகப் போட்டாள், உரக்கப் போட்டாள். மிளிர் பெட்டியைத் தூக்கி எறிந்தாள். வியாழக்கிழமை வர்ஷிகா வந்தபோது கனிஷ்காவின் கண்கள் உள்ளே போயிருந்தன.

வர்ஷிகா தரையில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். “இதென்னங்க்கா, ரெண்டு வருசத்துல மூணு நாள் மட்டும் ஒண்ணுமே எழுதாம வெள்ளையா உட்டிருக்கீங்க?”

“அன்னைக்கெல்லாம் தெருவுல எழவுங்க. காலைலருந்து எனக்கு வெளிய வேலை. எத்தனை தடவை கத்துனாளோ, ஆரு கண்டா? அதுதான் எழுதல.”

“கத்துனாங்கறது நெசமா? நீங்க கேட்டீங்களா?”

“கேக்கல.” கனிஷ்கா யோசித்தாள். “மூணாவது நாளு பாத்தேன். கத்தல. ஆனா மேளத்தைப் போட்டுப் பாத்துட்டேனுங்க, அதுவும் ஆகல.”

“அன்னைக்கு என்ன வந்துச்சுன்னு தேடறீங்க. என்ன போச்சுன்னு சொல்லுங்க.”

கனிஷ்கா திரும்பிப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே கம்பம் நின்றது. அதன் நிழல் சமையலறை வரைக்கும் நீண்டிருந்தது.

“இந்த வீட்டுக் கம்பம் எந்த அளவுல ஓடுதுங்க்கா?”

மிளிரின் சட்டையில் தொங்கிய நூலை விரலில் சுற்றிக்கொண்டே கனிஷ்கா சொன்னாள்: “ஒம்பது.”

வர்ஷிகா நோட்டை மூடினாள். திட்டவில்லை. “ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆளு, அந்தப் பக்கம் ஒரு ஆளு, ரெண்டு பேரும் ஒரே பலத்துல தள்ளுறாங்கன்னு வைங்க. கதவு அசையாது. பாக்கறவங்களுக்கு அங்க ஒண்ணுமே நடக்கல. ஆனா கதவுக்குத் தெரியும். சத்தத்தைச் சத்தத்தால அமுக்கறதும் அதே மாதிரிதான். காதுல ஒரு அமுக்கம் இருந்துட்டே இருக்கும்.”

“எனக்கு ஒண்ணும் தெரியலியே.”

“கால்ல செருப்பு இருக்கறது உங்களுக்கு நாள் பூராத் தெரியுதா? போட்ட நிமிசம் தெரியும், அப்புறம் உடம்பு அதை ஒதுக்கிரும். மிளிரு உடம்புக்கு ஒதுக்கத் தெரியாது. காலைல உறுத்துனது பொழுதோடவும் அதே மாதிரி உறுத்தும். நாம எல்லாரும் ஒரே வாரத்துல மறந்துபோட்டோம். அவ பொறந்த நாள்லருந்து அதைக் கேட்டுட்டே இருக்கறா.”

கனிஷ்கா எழுந்து வெளியே போனாள். கம்பத்தின் அடிப்பெட்டியைத் திறந்து, ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறக்கினாள். திரும்பி வந்தபோது மிளிர் தோள்களைச் சற்றே தளர்த்தியிருந்தாள். அவ்வளவுதான், காதுகளிலிருந்து கையை எடுக்கவில்லை.

“முழுசா நிறுத்துனாத்தான் சரியாகும்” என்றாள் வர்ஷிகா. “நிறுத்த விதி கெடையாது. எந்தத் தெருவுக்குக் குடிபோனாலும் கம்பம். பக்கத்து ஊர்லயும் கம்பம். அக்கா, நான் மலை மேல இருக்கற விடுதிக்கு எழுதிக் குடுத்தேனே, அது சரிதான்னு இப்ப எனக்கு இன்னும் உறுதியாத் தெரியுது. அங்க கம்பம் கெடையாது. அக்டோபர் ஒண்ணாந்தேதி சேக்கச் சொல்லியிருக்காங்க.”

“நானும் அங்க இருக்கலாமுங்களா?”

“வருசத்துக்கு ரெண்டு தடவை போயிப் பாக்கலாம்.”

“சட்டையத் திருப்பிப் போடோணும்னு ஆரு அவங்களுக்குச் சொல்லுவா? என்ற கையத் தவுர வேற கை பட்டா உடமாட்டாளே!”

வர்ஷிகா போகும்போது, “இருபத்தஞ்சாந் தேதி வரைக்கும் படிவத்தைக் கையிலயே வெச்சிருக்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

மேற்குத் தெருவின் கூட்டங்கள் பேருந்து நிலையத்தில்தான் நடக்கும். தெருவில் இரண்டு கை நீளத்துக்கு மேல் பேச்சு எட்டாது. நாற்பது பேர் கூடிப் பேச வேறு இடம் இல்லை. செப்டம்பர் இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, பயணிகள் கூடத்தின் சிமெண்டு இருக்கைகளில் தெரு வந்து உட்கார்ந்தது. மின்பேருந்துகள் ஓசையில்லாமல் ஓடக்கூடியவை. ஆனால் நிலையத்துக்குள் ஒலிப்பானை அடித்தாக வேண்டும் என்பது சட்டம். ஓட்டுநர்கள் அந்தச் சட்டத்தை மனப்பூர்வமாகப் பின்பற்றினார்கள். “பவானி, பவானி, அந்தியூர்!” என்று நடத்துநர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். வெள்ளரிக்காய் விற்பவள் ஒரு பக்கம், சில்லறைக்குச் சண்டை ஒரு பக்கம். கனிஷ்கா மகளை மடியில் சாய்த்துக்கொண்டு வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். சிறுவயதில் சித்தி ஊருக்குப் போகும்போது இதே இருக்கையில், இதே இரைச்சலில், அம்மாவின் மடியில் அவள் தூங்கியிருக்கிறாள். அந்தத் தூக்கத்தின் சுகம் அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. தன்னைத் தூங்கவைத்தது இந்தச் சத்தம்தான் என்று அன்று அவளுக்குத் தோன்றியதில்லை.

தினேஷ் கூட்டத்தைத் தொடங்கினார். எழுபத்தாறு வயது, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாதது. “கம்பத்துக்காரம்மா என்னமோ சொல்லோணுமாமா. சொல்லட்டும். சீக்கிரம் சொல்லட்டும், வெயில் ஏறுது.”

கனிஷ்கா எழுந்து நிற்கவில்லை. மடியில் குழந்தை இருந்தாள். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கம்பத்தை ஒன்பதுக்கு ஏற்றியதைச் சொன்னாள். அதற்கு அனுமதி வாங்காததையும் சொன்னாள். தினம் ஐந்து, ஆறு முறை குழந்தை அலறுவதைச் சொன்னாள். அக்டோபர் ஒன்றாம் தேதியைச் சொன்னாள்.

“ஏம்மிணி, கதை உடாத” என்றார் தினேஷ். “நாலு வருசமா ஒரே தெருவுல இருக்கறோம். உன்ற புள்ள அழுது ஒரு நாளாவது எங்க காதுல உழுந்திருக்குதா? கேட்டுப் பாரு, ஆராவது கேட்டிருக்காங்களான்னு.”

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. தலைகள் ஆடின.

“கேக்காதுங் மாமா,” என்றாள் கனிஷ்கா. “கேக்காமப் பண்றதுதானே என்ற வேலை.”

ஒரு பேருந்து நீளமாக ஒலிப்பானை அடித்துக்கொண்டு வெளியேறியது.

மூன்றாம் எண் வீட்டு ஷெரின் எழுந்தாள். செவிலி, இரவுப் பணி. “எனக்கு ரெண்டு வார்த்தை இருக்குதுங்க. புள்ள பாவம்தான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நான் காலைல ஒம்பது மணிக்குப் படுத்து மூணு மணிக்கு எந்திரிக்கறவ. கம்பம் வந்த பின்னாலதான் எனக்குத் தூக்கம்னு ஒண்ணு வந்துச்சு. என்ற தூக்கத்துக்கு ஆரு பொறுப்பு? தூங்காம ஊசி போட்டா இன்னொருத்தர் புள்ளைக்கல்ல ஆபத்து?”

“நாயந்தான்” என்றது ஒரு குரல்.

“நாயமோ இல்லையோ, நிறுத்த விதியே கெடையாது” என்றது இன்னொரு குரல். “எழவு உழுந்தாத்தான் நிறுத்தலாம்.”

சுகன்யாவின் மகன் ரோஹித் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தார். “எங்கம்மாவுக்கு எட்டே கால் மணி நேரந்தான் செலவாச்சு. அம்மா பேர்ல மீதி மூணே முக்கால் மணி நேரம் கெடக்குது. அதைப் புள்ளைக்கு எடுத்துக்கட்டும். அம்மா ஒண்ணும் சொல்லாது.”

கனிஷ்கா அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். ஆனாலும் அவள் விதியை ஒழுங்காகப் படித்தவள். “அது அன்னைக்கு நடுச்சாமத்தோட காலாவதி ஆயிருச்சுங்ண்ணா. செத்தவங்க நேரம் மறுநாளைக்குச் செல்லாது.”

தினேஷ் இதையெல்லாம் கேட்பதாகத் தெரியவில்லை. அவர் கனிஷ்காவின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மிளிர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் காதுகளில் இல்லை. ஒன்று அம்மாவின் முழங்காலிலும் ஒன்று காற்றிலும் தொங்கின. பத்தடி தூரத்தில் ஓர் ஓட்டுநர் ஒலிப்பானை மூன்று முறை அடித்தார். குழந்தையின் இமை கூட அசையவில்லை.

“இந்தச் சத்தத்துல தூங்குது பாரு” என்றார் தினேஷ், தமக்குத்தாமே சொல்வதுபோல். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், “எனக்கும் இங்க வந்தாத்தான் காது நிக்குது” என்றார்.

“என்னங் மாமா?”

“ஒண்ணுமில்ல.” அவர் மறைக்க முயன்றார், ஆனால் நாற்பது பேரும் திரும்பிவிட்டார்கள். “நான் தெனமும் பொழுதோட பேருந்து நெலையத்துக்கு வர்றனே, எதுக்குன்னு நெனைச்சீங்க?”

“பொரி வாங்க” என்றார் ரோஹித்.

“பொரி! பொரிய மெல்றதுக்கு எனக்கு எங்கடா பல்லு? முப்பத்தொரு வருசம் ஓட்டுன தறி, இந்தக் காதுக்குள்ள இன்னும் ஓடுது. வெளிய சத்தம் இருந்தப்ப அதோட இது கலந்துக்கும், பெருசாத் தெரியாது. கம்பம் வந்துச்சு. ஊரெல்லாம் அமைதி, உள்ள தறி மட்டும். எட்டு வருசமா ராப்பகலா ஒத்தைத் தறி. அதைக் கொஞ்ச நேரம் மறக்கத்தான் இங்க வந்து உக்காந்திருக்கறேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமுல்லங்க?”

“ஆரு சொல்றது? ஊடு ஊடாப் போயிக் கையெழுத்து வாங்குனவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிட்டு வந்து எனக்கே ஆகலைன்னு சொல்றது?” அவர் இஸ்திரி மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார். “எனக்காச்சும் பேருந்து நெலையம் வரைக்கும் நடக்கக் காலு இருந்துச்சு. அந்தப் புள்ள என்ன பண்ணும்?”

அவரே தொடர்ந்து பேசினார். “ஏம்மிணி கனிஷ்கா, செத்தவங்க நேரம் காலாவதி ஆகும்னு சொன்னியே. உசுரோட இருக்கறவங்க நேரம்?”

“புரியலைங் மாமா.”

“விதியெழுதுன குழுவுல நானும் இருந்தேன். ஒவ்வொருத்தர் பேர்லயும் பன்னெண்டு மணி நேரம்னு எழுதுனோம். செத்த பொறவுதான் எடுக்கோணும்னு எழுதல. அப்படி எழுதறதுக்கு அன்னைக்கு ஒருத்தருக்கும் மனசு வரல. என்ற நேரத்தை இப்ப எடுத்துக்க.”

கூட்டம் கலைத்துவிட்ட தேன்கூடுபோல் இரைந்தது. “வாயக் கழுவுங்க மாமா” என்று ஒருத்தி கத்தினாள். “உசுரோட இருக்கறவங்க எழவு நேரத்தைக் குடுப்பாங்களா?” என்றார் ஒருவர். “அப்ப உங்களை மேளமில்லாமத் தூக்கிட்டுப் போறதா? வடக்குத் தெருவுல முதல்ல நடந்ததைப் பாத்தீங்களல்ல, ஊமப்படம் மாதிரி?” என்றார் இன்னொருவர். அவர் குரலில் உண்மையான அச்சம் இருந்தது. கனிஷ்காவும் அந்த ஊர்வலத்தைப் பார்த்தவள். அசைந்த வாய்கள் எட்டு வருடம் கழித்தும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதை அவர் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

“வேண்டாமுங் மாமா” என்றாள்.

“நீ சும்மாயிரு. செத்த பொறவு மேளம் அடிச்சா எனக்கா கேக்கப்போகுது?” என்றார் தினேஷ். சொல்லிவிட்டுச் சிறிது யோசித்தார். தம் கைவிரல்களைப் பார்த்தார். “ஆனா பன்னெண்டையும் எடுத்துக்காத. பதினொண்ணு எடுத்துக்க. ஒரு மணி நேரம் மட்டும் மிச்சம் வை. தெருமொனை வரைக்குமாச்சும் அடிக்கட்டும்.”

முதலில் ரோஹித்தான் சிரித்தார். அம்மா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “என்ற பேரையும் எழுதிக்கம்மிணி. எனக்கு முழுசும் வேண்டாம். எம்பசங்களுக்கு ஆடவும் தெரியாது.”

அதற்குப் பிறகு கனிஷ்கா நோட்டைத் திறக்க வேண்டியதாயிற்று. மகள் அலறிய நேரங்களை எழுதிவந்த அதே நோட்டு. கடைசிப் பக்கத்தில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. சிலர் கணவனைக் கேட்டுவிட்டுச் சொன்னார்கள். சிலர் கணவன் முறைத்ததையும் பொருட்படுத்தாமல் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை. தன் பெயரை கனிஷ்கா எல்லோருக்கும் முன்பாக, முதல் வரியிலேயே எழுதியிருந்தாள். மிளிரின் பெயரை எழுதவில்லை. அவள் பெயரிலும் பன்னிரண்டு மணி நேரம் இருந்தது; அந்தப் பட்டியலில் அந்தப் பெயரை எழுத அவள் கை ஒப்பவில்லை, எழுதச் சொல்லும் துணிவும் அங்கே யாருக்கும் இல்லை.

ஷெரின் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் போகாமல் உட்கார்ந்திருந்தாள். “நாலு மணிக்கு மேல வெச்சுக்குங்க” என்றாள். “அதுக்குள்ள நான் எந்திரிச்சிருவேன்.”

ஒலிப்பான்களுக்கு நடுவே மிளிர் விழித்து, சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்து, “எழவாம்மா?” என்று கேட்டாள்.

“இல்ல கண்ணு. கூட்டம்.”

“முறுக்கு?”

தினேஷ் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, வெள்ளரிக்காய்க்காரியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

அன்று பகல் ஒன்றேகால் மணிக்கு முடிவுசெய்யப்பட்டவை வருமாறு. கம்பப் பராமரிப்பாளர் கனிஷ்கா, முதல் கம்பத்தை அனுமதியின்றி ஒன்பதாம் அளவில் ஓட்டியது குற்றம். அதற்காக அவருக்கு எழுத்தில் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. அக்கம்பம் இனி மூன்றாம் அளவைத் தாண்டக் கூடாது. தெருவாசிகள் இருபத்தொன்பது பேர் தத்தம் சாவு விலக்கைக் குழந்தை மிளிருக்காக விட்டுக்கொடுத்தனர்; தினேஷ் ஒரு மணி நேரத்தைத் தமக்கென வைத்துக்கொண்டதால் மொத்தம் முந்நூற்று நாற்பத்தேழு மணி நேரம். செப்டம்பர் இருபத்து மூன்றாம் நாள் முதல், தினமும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை, மேற்குத் தெருவின் நான்கு கம்பங்களும் நிற்கும். இது நூற்று எழுபத்து மூன்று நாளுக்கு, அதாவது அடுத்த ஆண்டு மார்ச்சு பதினான்கு வரை வரும். அதற்குள் குழந்தையின் நோட்டை இணைத்து, விதியைத் திருத்தக் கோரும் மனு அரசுக்குப் போகும். எழுதும் பொறுப்பு தினேஷுடையது. அதற்குள் பதில் வராவிட்டால் தன் பெயரிலுள்ள பன்னிரண்டு மணி நேரத்தைத் தன்னிடம் கேட்கலாம் என்று ஷெரின் கூறியது குறிப்பில் சேர்க்கப்பட்டது. தொலைபேசியில் கேட்டபோது, விடுதிப் படிவத்தை அனுப்பாமல் நிறுத்திவைக்க வர்ஷிகா ஒப்புக்கொண்டார். மார்ச்சு மாதம் மீண்டும் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டிரண்டாகப் பங்கிட்டதில் மிஞ்சிய ஒரு மணி நேரத்தை தினேஷின் பெயரில் சேர்ப்பதென்றும், தெருமுனையிலிருந்து சுடுகாடு வரைக்கும் அது போதும் என்றும் எல்லோரும் ஒருமனதாக முடிவுசெய்தனர். தினேஷ் மறுப்புத் தெரிவிக்கவில்லை.